பொட்டு வைக்காத சுவிட்சுகள்

ஒரு பொருளைப் பார்த்தவுடன் எதைத் தொட்டால் என்ன நடக்கும் என்று யாருக்கும் புரிய வேண்டும். இதற்கு ‘யூசபிலிட்டி’ என்று பெயர். இதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். பயனர் அனுபவம் என்பது பெரிய துறை. அழகு, வேகம், மனநிறைவு எல்லாம் அதில் சேர்த்தி. ஆத்திர அவசரத்துக்குக் கை கொடுக்குமா என்று கேட்கிற பகுதி மட்டும் என்னுடையது. இந்த ஞானம் எனக்குப் புத்தகத்தில் வரவில்லை. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, காரைக்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் பாலிடெக்னிக் முடித்த கையோடு வீட்டுக்குப் புது வயரிங் போட்டேன். (வேலை கிடைக்கவில்லை என்பதை இப்படியும் சொல்லலாம்.) ஃபேன், லைட், காலிங் பெல், தண்ணி மோட்டார், பாத்ரூம் விளக்கு எல்லாவற்றுக்கும் கூடத்தில் ஒரே பலகை. வெள்ளை மைக்காவில், ஒரே மாதிரி பதினாறு சுவிட்சு. எது எதற்கென்று எழுதச் சொன்னார் அப்பா. எழுதினால் அழகு கெடும் என்றேன். மேதையல்லவா!

அன்று காலையில் பார்த்தால், என் பலகைக்கு யாரோ ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தார்கள். சுவிட்சுக்கு ஒரு நிறம். அக்காவின் வேலைதான். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எல்லாவற்றையும் பிய்த்தெறிந்தேன்.

மாலையில் தேவகோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நல்ல இடம், அது கைகூட வேண்டுமே என்று அம்மா வேண்டாத சாமி இல்லை. மாப்பிள்ளையின் அம்மா பாத்ரூம் போனார். மாப்பிள்ளையின் அப்பா துண்டால் விசிறிக்கொண்டே சொன்னார்:

“தம்பி, காத்தாடியக் கொஞ்சம் போட்டு விடுங்க.”

கம்பீரமாக ஒரு சுவிட்சைத் தட்டினேன். பாத்ரூமுக்குள்ளிருந்து “ஐயோ!” என்று சத்தம். பதறிப்போய்ப் பக்கத்துச் சுவிட்சைத் தட்டினேன். காலிங் பெல் அடித்தது. அப்பா ஓடிப்போய்க் கதவைத் திறந்து, வராத விருந்தாளியை வரவேற்றார். அடுத்தது மோட்டார். ஏற்கெனவே நிரம்பியிருந்த தொட்டி வாசலில் வழிந்து, மாப்பிள்ளையின் புதுச் செருப்பு நீந்தத் தொடங்கியது. முதலில் தட்டியது எது என்பது இதற்குள் எனக்கே மறந்துவிட்டது. பழுது எதிலும் இல்லை. எல்லாம் பிரமாதமாக வேலை செய்தது. அதுதான் கொடுமை.

“யாருங்க வெளிய? தாப்பா எங்குட்டு இருக்குன்னே தெரியலையே!” என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

அக்கா காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். பலகையைப் பார்த்தாள். தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்:

“எம் பொட்டையெல்லாம் எவன்டா பிச்சது?”

கல்யாணம் பேசும் இடத்தில் பெண் வாயிலிருந்து வரக் கூடாத பேச்சு. மாப்பிள்ளையின் அப்பா எழுந்தேவிட்டார். “எந்திரிச்சுட்டீகளே, ஒக்காருங்க” என்று அம்மா கெஞ்சினாள். இடம் போயிற்று என்றே நினைத்தேன்.

அக்கா சுவிட்சுகளை விரலால் தடவினாள். பாத்ரூமுக்குப் பெரிய பொட்டாக ஒட்டியிருந்தாளாம். அந்தப் பசை இன்னும் பிசுபிசுத்தது. தட்டினாள். விளக்கு எரிந்தது.

முந்தானை நனைந்து வெளியே வந்த மாப்பிள்ளையின் அம்மா நடந்ததை முழுசாகக் கேட்டார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்தப் புள்ளைய எங்களுக்குக் குடுத்துருங்க. அந்தத் தம்பிய நீங்களே வச்சுக்கங்க.”

அப்படியே ஆயிற்று. ஆண்டுகள் ஓடிவிட்டன. சென்னையில் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அத்தான் நேரே சுவிட்சுப் பலகை முன்னால் போய்க் கைகட்டி நிற்பார்.

“மாப்ள, இதுல எங்கம்மா எந்தச் சுவிட்சு?”