சிங்கப்பூரில் கை நனைத்த விவரம்

ஓசாகா, ஜப்பான்
14-6-1961

மேட்டுப்பாளையம் பாக்கு மண்டி ரங்கராஜ் பாவா அவர்கள் சமுகத்திற்கு, தங்கள் மனைவியின் தம்பியும் பீளமேடு பம்புசெட் பட்டறைக்காரனுமான கோவிந்தராஜுலு அடக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் பெட்டியும் சேதாரமின்றி வந்து சேர்ந்தோம். அவ்விடம் தாங்களும் அக்காளும் மண்டியும் எந்தக் குறையுமின்றி இருக்கப் பெருமாள் அருள வேண்டும்.

நிற்க. வார்ப்பட மிஷின் பார்க்க நான் ஜப்பான் புறப்படுகிறேன், வழியில் விமானம் மாற சிங்கப்பூரில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும் என்று கேள்விப்பட்ட மறுநாளே தாங்கள் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். "நம்மூர்க்காரங்க பையன் நரசிம்மலு அங்க கப்பல் கம்பெனியில இருக்கறான் மாப்பிள்ளே, நம்ம வெங்கடலட்சுமிக்குத் தோதான இடம், சும்மா நிக்கற நேரத்துல பாத்துப்போட்டு வாங்க" என்றீர்கள். சொன்னதோடு விட்டீர்களா, "சம்பந்தம் பேசி முடியற வரைக்கும் அவங்ககிட்டக் கை நனைச்சுப்போடாதீங்க, ஒரு வாய் தின்னாலும் சம்மதம்னு ஆயிரும்" என்று ஒரு கட்டளையும் போட்டீர்கள். என் மகள் வாழ்க்கைக் காரியமாயிற்றே என்று நானும் தலையாட்டினேன். பசி என்று ஒன்று இருப்பது அப்போது தங்களுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை.

விமானத்தில் ஒரு தட்டு கொடுத்தார்கள். அதில் எது காய், எது கறி என்று தெரியவில்லை. தட்டு கொடுத்த பெண்ணைக் கேட்டால் எதற்கும் சிரிக்கிறாளே தவிர பதில் இல்லை. ஆகவே பட்டினியாகவே காலை பத்து மணிக்கு இறங்கினேன். இந்தப் பயணத்துக்கென்று வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு காற்சட்டை தைத்தேன் அல்லவா, டெய்லர் அதற்கு நான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போனபோது அளவெடுத்தவர். வெறும் வயிற்றில் அது நிற்கவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால்தான் பையனுக்கு வணக்கம் சொன்னேன். நல்ல உயரம், முகத்தில் களை. முதல் வார்த்தையே, "ஏனுங்க, நான் சிகரெட் குடிப்பேனுங்க" என்றான். பற்றவைத்துக் குடித்தும் காட்டினான். நாலு இழுப்பில் இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நம் பட்டறை ஆட்கள் என்னைக் கண்டதும் பீடியைப் பைக்குள் அமுக்கித் துணியைப் பொசுக்கிக்கொள்கிறவர்கள். இவனோ பெண்ணைப் பெற்றவனிடமே வாய்விட்டுச் சொல்கிறான். அங்கேயே எனக்குப் பாதி பிடித்துவிட்டது.

வீட்டுக்குப் போனோம். பையனின் தாயார் வெங்கடம்மாள் தெலுங்கில் வரவேற்று இரண்டு நிமிஷத்தில் தமிழுக்கு வந்துவிட்டார். உள்ளேயிருந்து நெய்யில் கேசரி கிளறும் வாசனை. "இத்தனை தூரம் வந்துபோட்டு ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காட்டி எப்படீங்க?" என்றார். "வயிறு சரியில்லீங்க" என்றேன். அதைச் சொன்னதுதான் தப்பு. ஓமத் தண்ணீர் வந்தது, பிறகு சுக்குக் கஷாயம் வந்தது, அதையும் நான் தொடாததைப் பார்த்துப் பக்கத்துத் தெரு டாக்டரைக் கூப்பிட ஆள் புறப்பட்டது. மருந்தும் கை நனைப்பதில் சேருமா என்பதைத் தாங்கள் சொல்லியனுப்பவில்லை. ஊரைப் பார்க்க நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பையனை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பாவா, எட்டு மணி நேரத்தில் நான் பார்த்ததைச் சிங்கப்பூரில் எட்டு வருஷம் இருக்கிறவன் பார்த்திருக்க மாட்டான். முதலில் துறைமுகம். முப்பத்தொரு கப்பல் எண்ணினேன், அதற்குமேல் பசியில் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்தது. அங்கே பையன், "இந்த வேலையும் எந்நேரமும் போயிருமுங்க, மேலதிகாரிக்கு என்னைக் கண்டாலே ஆகாதுங்க" என்றான். சொல்லி வாய் மூடவில்லை, அந்த மேலதிகாரி வெள்ளைக்காரரே எதிரில் வந்து இவன் தோளைத் தட்டிச் சிரித்துப் பேசிவிட்டுப் போனார். ஆகாதவனிடமே இப்படி நடந்துகொள்கிற துரை, தனக்கு ஆகிறவனை எப்படி வைத்திருப்பார் என்று வியந்துபோனேன். அடுத்து குதிரைப் பந்தய மைதானம். "வாராவாரம் சம்பளத்துல பாதி இங்கதானுங்க போகுது" என்றான். அங்கே போய்ச் சேர மூன்று பேரிடம் வழி கேட்க வேண்டியிருந்தது. வாராவாரம் வருகிறவனுக்கே வழி மறக்கிறதென்றால் ஊர் எவ்வளவு பெரிது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சீனர்கள் தெரு. தோலுரித்த வாத்துகள் வரிசையாகத் தொங்கின. "இதெல்லாம் திம்பேனுங்க, தவளை கூடத் திம்பேனுங்க" என்றான், மூக்கைப் பொத்திக்கொண்டு. பெரியவர்கள் முன்னால் மூச்சு விடக்கூட அவ்வளவு அடக்கம். நானும் எத்தனையோ வரன் பார்த்தவன், ஒவ்வொருவனும் தன்னை ராமச்சந்திர மூர்த்தி என்றே சொன்னான். தன் குறையைத் தானே வரிசையாகச் சொன்னவன் இவன் ஒருவன்தான். தீய பழக்கங்களைக் கல்யாணம் ஆனதும் நம் வெங்கடலட்சுமி ஒரு மாதத்தில் விட வைத்துவிடுவாள், என்னையே மூக்குப்பொடியை விட வைத்தவள் அவள்தானே.

மணி இரண்டானது. செரங்கூன் ரோட்டில் டாக்ஸியை நிறுத்தி, "ஒரு போன் பேசிப்போட்டு வந்துடறனுங்க" என்று பையன் போனான். எதிரே தமிழில் எழுதிய பலகை, சைவச் சாப்பாடு என்று. கட்டளை மாப்பிள்ளை வீட்டாரிடம் கை நனைக்காதே என்பதுதானே, காசு கொடுத்து ஓட்டலில் சாப்பிடக் கூடாது என்பதில்லையே. உட்கார்ந்தேன். பருப்பும் நெய்யும், வத்தக்குழம்பு, அவியல், ரசம், பாயசம் இரண்டு தடவை. காற்சட்டை கடைசியில் தன் இடத்தில் நின்றது. எழுந்து போய்க் காசை நீட்டினேன். கல்லாவில் இருந்த பெரியவர் எழுந்து கும்பிட்டு, "உங்க காசு இங்க செல்லாதுங்க சம்பந்தி, நரசிம்மலு என் தம்பி பையனுங்க, காத்தால ஊட்டு வாசல்லயே உங்களைப் பாத்துப்போட்டேன்" என்றார். நீட்டிய காசைக் கல்லாமேலேயே வைத்துவிடப் பார்த்தேன். அதற்குள் அவர் உள்ளே திரும்பி, "சம்பந்தி கை நனைச்சுப்போட்டாங்க, ஊட்டுக்குச் சொல்லி உடுங்க" என்று குரல் கொடுத்துவிட்டார். பையன் திரும்பி வந்து என் இலையைப் பார்த்துத் தூணில் சாய்ந்துவிட்டான். "சாப்பிட்டே போட்டீங்களா?" என்றான். முகம் வெளுத்துவிட்டது. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் விமான நிலையத்துக்கு வெற்றிலை பாக்கு மஞ்சள் தேங்காயுடன் எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். சாப்பிட்டு ஏப்பம் விட்டவன் எந்த வாயால் யோசித்துச் சொல்கிறேன் என்பது? தட்டு மாற்றிக்கொண்டேன். தாங்கள் கோபிக்கக் கூடாது. ஆனாலும் பொய் பேசத் தெரியாத மாப்பிள்ளை கிடைத்திருக்கிறான், எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஆவணியில் நல்ல முகூர்த்தமாகத் தாங்களே பார்த்து, மண்டபத்துக்கும் சொல்லிவிடுங்கள். என் மனைவி பத்மாவதி, நான் கை நனைத்த விஷயம் கேட்டால் என்னைக் குதறிவிடுவாள், ஆகவே அவளிடம் பக்குவமாகச் சொல்லவும். அக்காளுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள், மண்டியில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
கோவிந்தராஜுலு

பின்குறிப்பு: முகூர்த்தம் பார்க்க வேண்டாம். மண்டபத்துக்கும் சொல்ல வேண்டாம். மேலே எழுதியதை மடித்து வைத்துவிட்டு ஸ்டாம்பு வாங்கக் கீழே இறங்கினேன், நான் தங்கியிருக்கும் இந்த ஓசாகா ஓட்டல்காரர் எனக்கு வந்திருந்த ஒரு கவரை நீட்டினார். வெங்கடலட்சுமி கையெழுத்து. சென்னையில் டாக்டர் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அம்மாவுக்குக் கூடத் தெரியாமல் மனுப் போட்டிருக்கிறாள். தங்களிடம் விலாசம் கேட்டு அந்தப் பையனுக்கும் எழுதி, "எங்கப்பா உங்களை வேண்டாமுன்னு சொல்ற மாதிரி எதாச்சும் பண்ணுங்க அண்ணா" என்று கெஞ்சியிருக்கிறாள். அவனும் சரி என்று பதில் போட்டானாம். "பாவம் நல்லவருங்கப்பா, சிகரெட்டையே தொட்டதில்லையாம், அவர் சொல்ற எதையும் நம்பிப்போடாதீங்க" என்று எழுதியிருக்கிறாள். ஒரு பகல் பூராவும் நான் கேட்டது அத்தனையும் பொய்.

பாவா, புறப்படுகிற அன்று காலையில் வாசலுக்கு வந்து, "அப்பா, ஒண்ணு பேசணுமுங்க" என்றாள். "வந்து பேசிக்கலாம் கண்ணு" என்று கார் ஏறிவிட்டேன். கண்ணில் காணாத ஒருவனிடம் சொல்ல முடிந்ததை என்னிடம் சொல்ல முடியவில்லையே என்று மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. எட்டு மணி நேரத்தில் ஒரு ஊரையே பார்த்து முடித்தவன், பதினேழு வருஷமாக வீட்டில் இருந்த பிள்ளையைப் பார்க்கவில்லை.

திரும்பும்போதும் சிங்கப்பூரில் அதே எட்டு மணி நேரம் இருக்கிறது. வெங்கடம்மாள் முன்னால் நானே போய் நின்று சொல்லிக்கொள்கிறேன், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். அதைத் தாங்கள் என்னிடம் விட்டுவிடுங்கள். காலேஜில் தகப்பனார் கையெழுத்துக்கு வரும் திங்கட்கிழமை கடைசி நாளாம், இந்தக் கடிதம் அதற்குள் வராது. அதனால் இப்போதே தபாலாபீசுக்கு ஓடித் தங்களுக்கு ஒரு தந்தி அடிக்கிறேன். "பெண்ணைக் கூட்டிக்கொண்டு சென்னை போ, எனக்குப் பதில் கையெழுத்துப் போடு" என்று அதில் இருக்கும். தந்தியில் மரியாதைக்கு இடமில்லை, மன்னிக்கவும்.