ஆபத்து சாமி கடலுக்குப் போனார்

ஆபத்தைக் கண்டு பயப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆபத்தே யாரையாவது கண்டு பயந்ததென்றால், அது எங்கள் ஆபத்து சாமியைக் கண்டுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. திருவனந்தபுரத்தில், விண்வெளி பற்றிப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்லும் ஓர் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. அவர் எனக்கு சீனியர். கரமனையில் பஸ் ஏறும்போதே டிரைவரிடம், "பிரேக்கொக்கெ சரியாணல்லோ?" என்று மலையாளத்தில் பிரேக்கை விசாரிப்பார். லிப்டில் கால் வைக்கமாட்டார். சாலை பஜாரில் அரிசி மூட்டை அடுக்கியிருந்தால் எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பார். பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் போடும்போது முகத்துக்கு நேரே குடையை விரித்துக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால், "பிள்ளையாருக்குக் கண்ணு கல்லு ஓய். நமக்கு அப்படியா?" என்பார்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் மீனவர்களுக்கான ஆபத்துக் கருவியை விளக்கும் வேலையை ஒப்படைத்தார்கள். கடலில் படகு மாட்டிக்கொண்டால் சிவப்புப் பட்டனை அமுக்க வேண்டும். செயற்கைக்கோள் அதைக் கேட்டு, படகு இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லிவிடும். விழிஞ்ஞம் மீனவர்களிடம் சாமி இதை விளக்கும் அழகே தனி.

"மேலே ஒருத்தன் கண்ணு கொட்டாம நோக்கிண்டிருக்கான். நீங்க பட்டனை அமுக்கினா போறும், கேட்டேளா?"

ஓர் அக்டோபரில், உலக நாடுகளெல்லாம் சேர்ந்து விண்வெளியைப் பற்றி மக்களுக்குச் சொல்லும் வாரம் வந்தது. செயற்கைக்கோள் எப்படி உயிர் காக்கிறது என்று பார்க்க மூன்று வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தார்கள். கருவி வாங்கியிருந்த சூசையின் வீட்டுக்கு அழைத்துப் போனோம். சூசை கடலுக்குப் போயிருந்தான். அவன் மனைவி மேரி பெருமையாக அலமாரியைத் திறந்து, கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு மூட்டையை எடுத்தாள். உள்ளே புத்தம் புதிதாகக் கருவி!

சாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "இது இங்க இருந்தா, அங்க அவனை யாரு நோக்கறது?"

"வெல கூடின சாதனமாக்கும் சாமி. உப்புத்தண்ணி பட்டா கெட்டுச் சீத்தையாப் போவும்லா? அதான் பத்திரமாப் பூட்டி வச்சேன்."

மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. சாமி கருவியோடு கரைக்கு ஓடினார். சூசையைக் கூட்டி வர மேரியின் அண்ணன் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"அவன்கிட்ட குடுத்து விடுங்க சார். உங்களுக்குத் தண்ணின்னாலே ஆகாதே" என்றேன்.

"இவனும் பத்திரமா எங்கேயாவது பூட்டி வச்சுடுவான். நானே போறேன்."

வேட்டியை மடித்துக் கட்டினார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மிதவைச் சட்டை மாட்டினார். குடையையும் விடவில்லை. ஏறிவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் சூசை வேறு வழியாகச் சாவகாசமாகக் கரை சேர்ந்தான். போன படகைத்தான் காணோம். மழை கொட்டியது. அப்போது அலுவலகத்திலிருந்து போன்: "விழிஞ்ஞம் பக்கம் ஆபத்து சிக்னல் வந்திருக்கு. யாரு அது?"

"நம்ம சாமி சார்!"

இடத்தைக் கேட்டுக்கொண்டு சூசை அப்படியே படகைத் திருப்பினான். விருந்தாளிகளில் ஒருவர், "இது செயல்விளக்கமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தலையாட்டி வைத்தேன். வேறென்ன சொல்ல?

எஞ்சின் நின்றுபோன படகைச் சூசை கட்டி இழுத்து வந்தான். தொப்பலாக நனைந்து, கம்பி திரும்பிய குடையோடு சாமி இறங்கினார். கை தட்டிய விருந்தாளிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேரியிடம் போனார்.

"பார்த்தியா அம்மா, நனைஞ்சும் கெடலை. நாளைலேந்து இதை அவன் கஞ்சிப் பாத்திரத்தோட சேர்த்துக் கட்டி விடு. அதை எவனும் மறக்கமாட்டான்."

மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். விழிஞ்ஞத்தில் பல வீடுகளில் பிறகு அதுவே வழக்கமானது.

மறுநாள் காலை கரமனையில் பஸ் ஏறும்போது வழக்கம்போல பிரேக்கை விசாரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் அந்தப் படகில் ஏறும்போது மட்டும் அவர் எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்தால் அந்த மனிதர்மேல் இன்றும் எனக்குப் பாசம் பொங்குகிறது.