பூனைத் துரைசானியின் நெற்றி

ராசிபுரம்,
7-9-1938

மகாராஜராஜஸ்ரீ பத்திரிகை ஆசிரியர் அவர்கள் சமுகத்துக்கு,

ராசிபுரம் காலஞ்சென்ற நூல் வியாபாரியின் மனைவி ராஜம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சுக்கூடத்து ஆட்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று முதலில் எழுதுவது மரியாதை. எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆறு வருஷமாகத் தங்கள் வாரப் பத்திரிகைக்குச் சந்தாதாரி நான். அட்டை முதல் கடைசிப் பக்கத்து அச்சிட்டவர் பெயர் வரை ஒரு வரி விடாமல் படிப்பவள். அச்சுப் பிழைகளைப் பென்சிலால் கோடிட்டு இரண்டு முறை பட்டியல் அனுப்பினேன், பதில் இல்லை. அதைக் குறித்து இப்போது எழுதவில்லை. சென்ற மாதம் சிறுவர் பக்கத்தில் ‘குதூகலன்’ என்பவர் எழுதிய ‘கேலிச்சித்திரப் பிறந்தநாள் விருந்து: வீட்டிலேயே, சிரமமில்லாமல்’ என்ற கட்டுரையைக் குறித்து எழுதுகிறேன். தங்கள் கடைசிப் பக்கத்தில் வாராவாரம் வரும் சித்திரத் தொடரில் உள்ள பூனைத் துரை, பூனைத் துரைசானி, எலிக் குமாஸ்தாக்கள் இவர்களைப் போல வேஷமிட்டுக் குழந்தைகள் பிறந்தநாள் கொண்டாடலாம் என்று பன்னிரண்டு குறிப்புகள் கொடுத்திருக்கிறார். என்னைப் படிக்க வைத்த கன்னியாஸ்திரீகள், சொன்னதைச் சொன்னபடி செய்து பார்த்துவிட்டுத்தான் குற்றம் சொல்ல வேண்டும் என்று கற்பித்தார்கள். நான் பன்னிரண்டையும் செய்து பார்த்தேன். ஆகையால் குற்றம் சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு.

எங்கள் வீட்டைப் பற்றித் தாங்கள் அறிய வேண்டும். வீடு என் எஜமானர் கட்டியது. அவர் காலமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. எனக்குக் குழந்தை இல்லை. என் தம்பி மகன் மருதாசலம் பட்டுச் சேலை வியாபாரம் செய்துகொண்டு, மனைவி கந்தம்மாளுடனும் மகள் செல்லாயியுடனும் என் வீட்டில் இருக்கிறான். செல்லாயிக்கு ஐந்து வயது முடிந்தது. வியாழக்கிழமை தபாலில் பத்திரிகை வந்தால் அவள் என் மடியை விட்டு இறங்குவதில்லை. “பெரியாயா, எலிக் குமாஸ்தா இந்த வாரம் துரைகிட்ட என்ன பொய் சொல்றான்?” என்று கேட்பாள். நான் படித்துச் சொல்வேன். துரைசானி பேசுகிற இடம் வந்தால் குரலை மாற்றிப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பப் படிக்கச் சொல்வாள். அவளுக்கு இந்த விருந்து வேண்டும் என்று நான் சொன்னபோது மருதாசலம், “உங்க இஷ்டமுங்க அத்தை” என்றான். அவனுக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். நட்சத்திரப்படிக் காலையில் கோயில், ஞாயிறு சாயங்காலம் துரை விருந்து என்று முடிவாயிற்று.

முதல் குறிப்பு: எலிக் காதுகளை ‘நான்கு விரற்கடை’ உயரத்துக்கு அட்டையில் வெட்டவும். யாருடைய விரல்? மருதாசலத்தின் விரலுக்கு வெட்டினால் அது முயல். செல்லாயியின் விரலுக்கு வெட்டினால் அது ஒன்றுமே இல்லை. அளவு சொல்லுகிறவர் அங்குலத்தில் சொல்ல வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பில் சொல்லிக் கொடுப்பது. நானே இரண்டரை அங்குலம் என்று தீர்மானித்து, செல்லாயிக்கும் தெருவில் உள்ள பன்னிரண்டு குழந்தைகளுக்குமாக இருபத்தாறு காதுகள் வெட்டினேன். வாலுக்கு நூல் திரித்துக் கொள்ளவும் என்று எழுதியிருந்தது. தறிக்காரர் தெருவில் நூலுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் வாலின் நீளம் எங்கே எழுதியிருக்கிறது? தாய்மார்கள் அவரவர் மனசுக்குத் தோன்றியபடி திரித்துவிட்டார்கள். ஒருத்தி பிள்ளைக்கு எட்டு முழ வால். அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது வாலின் நுனி இன்னும் தெருவில் இருந்தது; அதைப் பிடித்துக்கொண்டு வேறு இரண்டு பிள்ளைகளும் ஒரு ஆட்டுக்குட்டியும் வந்தன.

நான்காவது குறிப்பு கேக். ராசிபுரத்தில் ரொட்டிக் கிடங்கு இல்லை என்று கட்டுரையாளர் யோசிக்கவில்லை. ரவையும் சர்க்கரையும் ஊர் நெய்யும் போட்டு, இரும்புச் சட்டியில் ஊற்றி, மூடி மேல் கங்கு கொட்டிச் சுட்டேன். ருசி குறையில்லை. ஆனால் பூனை முகம் போல வர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் சமையல்காரி பாப்பாயி அதைத் தட்டில் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, “எருமை மாதிரி இருக்குதுங்க. ஆனா நல்ல எருமை” என்றாள்.

இதெல்லாம் சின்ன விஷயம். நான் இந்தக் கடிதம் எழுதுவது ஒன்பதாவது குறிப்புக்காக. அதை அப்படியே எடுத்து எழுதுகிறேன்: ‘வீட்டுப் பெரியவர் ஒருவர் பூனைத் துரைசானியாக வேஷம் தரித்து, வாசலில் நின்று குழந்தைகளை வரவேற்று, விருந்து முடியும்வரை முன்னின்று நடத்த வேண்டும்.’ ஐயா, எங்கள் வீட்டில் பெரியவர் நான். எங்கள் வீட்டில் பெரியவர் நல்ல காரியத்தில் எங்கே நிற்பது வழக்கம் என்று உங்கள் குதூகலனுக்குத் தெரியுமா? செல்லாயியின் முதல் பிறந்தநாளுக்குக் கந்தம்மாளின் தாயார் சுப்பம்மாள் மல்லசமுத்திரத்திலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு என் மேல் விரோதம் ஒன்றும் இல்லை, அதுதான் சங்கடம். விரோதம் இருந்தால் பதில் சொல்லலாம். அவள் மகளிடம், நான் பக்கத்தில் இருக்கும்போதே, மெதுவாக, “ஆரத்தி எடுக்கறப்ப அவங்க உள்ளாரயே இருந்துக்கட்டும் கண்ணு. குழந்தைக்கு ஆகாது” என்றாள். நான் சாமான் அறைக்குப் போனேன். கந்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். மருதாசலம் வாசலுக்குப் போய்விட்டான். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்குத் தலைவலி வந்துவிடும். என் எஜமானர் கட்டிய வீட்டின் சாமான் அறைக் கதவில் எவ்வளவு இடுக்கு இருக்கிறது, அதன் வழியாகக் குழந்தையின் எந்தப் பக்கம் தெரியும் என்பது எனக்கு அங்குலக் கணக்கில் தெரியும்.

ஆகையால் துரைசானி வேஷத்துக்குப் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூட வாத்தியார் மனைவி பூவாத்தாளை ஏற்பாடு செய்தேன். நல்ல பெண். என் உயரம். முகம் முழுவதையும் மூடும் அட்டை முகமூடியைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி நானே வரைந்தேன். சன்னல் திரைச்சீலையில் மஞ்சள் கவுன் தைத்தேன். கழுத்து வரை மூடி, தரை வரை இறங்கும்படி. படத்தில் துரைசானி கையுறை போட்டிருக்கிறாள் என்பதால் வெள்ளைத் துணியில் விரல் விரலாகக் கையுறையும் தைத்தேன். ஞாயிறு காலையில் பூவாத்தாளுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. பன்னிரண்டு எலிகளை அழைத்துவிட்டுப் பூனை இல்லை என்று சொல்ல முடியுமா? கந்தம்மாளைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று அவளிடம் சொல்லவில்லை. தலைவலி என்று சொல்லி வழக்கம்போல் சாமான் அறைக்குப் போனேன். கவுனை மாட்டிக்கொண்டேன். பொத்தான்களை முதுகில் வைத்துத் தைத்தது என் பிழை. பாப்பாயியைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவள் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாப் பொத்தானையும் போட்டுவிட்டு, என்னைச் சுற்றி வந்து பார்த்து, “கண்ணைத் தவிர எல்லாம் பூனைங்க” என்றாள். பின்கட்டு வழியாக இறங்கிச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு விருந்தாளி போல வந்து நின்றேன். கந்தம்மாள், “வாங்க பூவாத்தாக்கா” என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

இங்கே கட்டுரையாளரின் மூளைக்கு ஒரு சோதனை. பன்னிரண்டு குழந்தைகளுக்கு எலிக் காதும் எலி வாலும் கட்டி, நாள் முழுதும் நீ எலி, நீ எலி என்று சொல்லி அனுப்பினால், வாசலில் ஆளுயரப் பூனை நின்று கையை நீட்டும்போது அவர்கள் என்ன செய்வார்கள்? இந்தக் கேள்வி எந்தக் குறிப்பிலும் இல்லை. முன்னால் வந்த பிள்ளை என்னைப் பார்த்தது, தன் வாலைத் தானே மிதித்தது, விழுந்தது. மற்றவர்கள் வால்களோடு சிக்கிக் கூடை சரிந்த நூற்கண்டு மாதிரி உருண்டார்கள். இரண்டு பேர் குதிருக்குப் பின்னால் போனார்கள். ஒருவன் தறிக்குழியில் இறங்கிக்கொண்டு, பூனை போனால்தான் வருவேன் என்றான். பூனை போகாது என்று பாப்பாயி சொன்னாள். முறுக்கு காட்டி ஒவ்வொருவராக வெளியே எடுப்பதற்கு அரைமணி ஆயிற்று. செல்லாயி ஒருத்திதான் ஓடவில்லை. என் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மெழுகுவத்தி ஏற்றினார்கள். குழந்தை ஊத வேண்டிய சமயத்தில், வழியில் கெட்டுப்போன பஸ்ஸைச் சபித்துக்கொண்டு சுப்பம்மாள் உள்ளே வந்தாள். ஏற்றின விளக்கைக் குழந்தை வாயால் ஊதி அணைக்கிறதாவது என்று கையை நீட்டித் தடுத்தாள். மருதாசலத்தைப் பார்த்தேன், அவன் கேக்கைப் பார்த்தான். முடிவு, மெழுகுவத்தி தானாக எரிந்து தீரட்டும். ஐந்து மெழுகுவத்தி எரிந்து தீர எவ்வளவு நேரம் ஆகும் என்று தங்களுக்குத் தெரியுமா? பன்னிரண்டு எலிகள் வட்டமாக உட்கார்ந்து எச்சில் விழுங்கிக்கொண்டு பார்த்தன. எருமையின் முகம் முழுதும் மெழுகு வழிந்தது.

அந்த நேரத்தில்தான் சுப்பம்மாள் ஆரத்தி கரைத்தாள். எங்கள் பக்கத்தில் ஆரத்தி எடுக்க இரண்டு சுமங்கலிகள் வேண்டும், தாய் எடுப்பதில்லை. அவள் தட்டோடு நிமிர்ந்து, இன்னொருத்திக்காகச் சுற்றிப் பார்த்தாள். அறையில் தாயையும் மருதாசலத்தையும் பாப்பாயியையும் குழந்தைகளையும் தவிர, பூனை ஒன்றுதான் இருந்தது. பாப்பாயியும் என்னைப் போலத்தான். பூனை யார் என்று கந்தம்மாள் தாயாரிடம் சொன்னாள்.

“அம்மிணி பூவாத்தா, இப்படி வா. தட்டப் புடி” என்றாள்.

நான் அசையவில்லை. அசைந்தால் தவறு, பேசினால் குரல் தெரிந்துவிடும், ஓடினால் விருந்து கெடும். இதற்குக் குறிப்பு பத்திலும் பதினொன்றிலும் தேடினால் ஒன்றும் இல்லை. அவள் என் கையுறையைப் பார்த்துவிட்டு, “கையில மாட்டுனத அப்படியே வெச்சுக்கோ. மெழுகு தீர்றதுக்குள்ள எடுத்துப்போடோணும்” என்று தட்டின் ஒரு பக்கத்தை என் கையில் வைத்தாள். பிடித்தேன். மூன்று சுற்று. இருபத்திரண்டு வருஷத்தில் கை மறக்கவில்லை என்பதைப் பிடித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். செல்லாயியின் இடது அட்டைக் காது கோணியிருந்தது. கோணலாக இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தட்டைக் கீழே வைத்ததும் குனிந்து அதை நேராக்கினேன். குழந்தை என் காதருகே வாய் வைத்து, “பெரியாயா, உன்ற மீசையுங் கோணலா இருக்குது” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

பிறகு சுப்பம்மாள் குங்குமச் சிமிழை எடுத்தாள். ஆரத்தி எடுத்தவளுக்குக் குங்குமம் வைப்பது வழக்கம். முகமூடியைக் கழற்றச் சொல்வாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மல்லசமுத்திரத்தாள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். “பூனைக்கு நெத்தி எதுன்னே தெரியல” என்று சொல்லிக்கொண்டே, இரண்டு காதுக்கும் நடுவில், அட்டையின் மேல், பெருவிரலால் அழுத்திக் குங்குமம் வைத்தாள். “மஞ்சளுங் குங்குமமுமா நூறு வருசம் இருக்கோணும் சாமி” என்றாள்.

அட்டைக்கு இந்தப் பக்கம் அந்த விரலின் அழுத்தம் எனக்குத் தெரிந்தது. அட்டை கனமானதாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். போதிய கனம் இல்லை.

பின்கட்டு வழியாகச் சாமான் அறைக்குத் திரும்பி, பாப்பாயி பொத்தான் கழற்ற, வெள்ளைச் சேலை உடுத்தி, நெற்றியில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைத்த பிறகு சுப்பம்மாள் ஒரு தட்டில் கேக் எடுத்துக்கொண்டு வந்தாள். மெழுகை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தாள். வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்று, அன்பாகத்தான் சொன்னாள்: “நீங்க உள்ளாரயே இருந்தது நல்லதாப் போச்சுங்க. ஒரு குறையுமில்லாம முடிஞ்சுது.” நான், “சந்தோஷம்” என்றேன். வேறு என்ன சொல்வது என்று உங்கள் பன்னிரண்டு குறிப்புகளில் இருந்தால் பக்க எண்ணைத் தெரிவிக்கவும்.

ஆகவே என் கோரிக்கைகள்: அந்தக் கட்டுரையில் ‘சிரமமில்லாமல்’ என்ற சொல்லை நீக்கித் திருத்தம் வெளியிட வேண்டும். ‘வீட்டுப் பெரியவர்’ என்று எழுதுகிறவர்கள் எந்தப் பெரியவர் என்று எழுத வேண்டும். பூவாத்தாளின் காய்ச்சலால் நேர்ந்த இந்தத் தவறுக்குக் கட்டுரையாளர் பதில் சொல்ல வேண்டும். இக்கடிதத்தை ஒரு எழுத்து மாற்றாமல் பிரசுரிக்க வேண்டும். இந்த வாரத்தோடு என் பெயருக்குப் பத்திரிகை அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும்.

தங்கள் வீட்டுக் குழந்தைகள் நோய்நொடியில்லாமல், நேரான காதுகளோடு வளர என் ஆசீர்வாதம். என் ஆசீர்வாதம் ஆகாது என்று தங்கள் வீட்டில் யாராவது சொன்னால், இந்த ஒரு வரியைக் கிழித்துவிடலாம்.

இப்படிக்கு,
ரா. ராஜம்மாள்

பின்குறிப்பு: கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்ததில் ஒரு பிழை இருக்கிறது. பிறர் பிழையைக் கோடிடுகிறவள் தன் பிழையை விடக்கூடாது. பூவாத்தாளுக்குக் காய்ச்சல் இல்லை. சனிக்கிழமை நானே சந்து வழியாக அவள் வீட்டுக்குப் போய், நாளைக்கு நீ வர வேண்டாம், ஒரு சாயங்காலத்துக்கு உன் பெயரை மட்டும் கொடு என்று கேட்டேன். அவள் காரணம் கேட்கவில்லை. கவுன் முதலிலிருந்தே என் அளவுக்குத்தான் தைத்தது. மறுநாள் சுப்பம்மாள் அவள் வீட்டுக்கே போய் நன்றி சொன்னாளாம். “ஆமாங்க, நானேதானுங்க” என்று பூவாத்தாள் அந்த நன்றியை வாங்கிக்கொண்டாளாம். ஆகையால் தயவுசெய்து கடிதத்தைப் பிரசுரிக்க வேண்டாம். பத்திரிகையையும் நிறுத்த வேண்டாம். முகமூடி என் பெட்டியில் இருக்கிறது. மீசையை நேராக்கிவிட்டேன், நெற்றியைத் துடைக்கவில்லை. கடைசியாக ஒன்று. போன வாரத் தொடரில் பூனைத் துரை ஏணியிலிருந்து விழுவதோடு நிறுத்தியிருக்கிறீர்கள். அவர் பிழைத்து எழுந்திருக்க வேண்டும். செல்லாயிக்கு அடுத்த ஆவணியில் ஆறு வயது முடிகிறது.