‘நில்’ சொல்லும் பதவி

அந்த மருத்துவமனையில் ஒரு பிரிவு இரண்டாகப் பிரிய மூன்று கையெழுத்து வேண்டும் என்பது விதி. இடமும் நாற்காலியும் உண்டா என்று ஸ்டோர் கிளார்க் பார்ப்பார். பதிவேடுகள் பிழையில்லாமல் நகலாகினவா என்று ரெக்கார்டு கிளார்க் பார்ப்பார். இரண்டு பாதிக்கும் பங்கு சரியாகப் போகிறதா என்று மூத்த மருத்துவர் பார்ப்பார். யார் ‘நில்’ என்றாலும் நின்றாக வேண்டும். நாற்பது வருஷம் இப்படியே நடந்தது. அந்தக் காலத்தில் அங்கே நோயாளிகளும் இருந்தார்கள்.

மூத்த மருத்துவர் என்றால் ஸ்லைடு டாக்டர். அறுத்தெடுத்த சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்றா இல்லையா என்று சொல்வார். வேறு பேச்சு கிடையாது.

புதிதாக வந்த நிர்வாகி வளர்ச்சி நிபுணர். ஆய்வுக்கு வந்த இடத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, இது என்ன என்று கேட்டார். டாக்டர் வேண்டாவெறுப்பாக விளக்கினார். ஒழுங்கான செல் பிரியுமுன் வாசலுக்கு வாசல் நிற்கும். போதுமான அளவு வளர்ந்தோமா, தீனி இருக்கிறதா, டி.என்.ஏ. என்ற மரபு ஏட்டில் கிழிசல் உண்டா என்று முதலில் பார்க்கும். அப்புறம் நகல் முழுசா, கடைசியில் பங்கு சரியா. கிழிசல் இருந்தால் காவல் புரதம் ஒன்று பிடித்து நிறுத்தித் தைக்கச் சொல்லும். தைக்க முடியாவிட்டால் செல்லையே சாகச் சொல்லும். அதுவும் மறுபேச்சில்லாமல் செத்துப்போகும்.

“இந்த செல்?”

“இது எந்த வாசல்லயும் நிக்காது. காவலே கெட்டுப்போச்சு. பிரிஞ்சுக்கிட்டே இருக்கும். தனக்குன்னு ரத்தக் குழாய் இழுத்துக்கும். வேற உறுப்புல போய்க் கிளை போடும்.”

“ஓய்வு எடுக்குமா?”

“எடுக்காது.”

“சாகுமா?”

“அது சாகாது. ஆளைச் சாகடிக்கும்.”

கடைசி இரண்டு வார்த்தையை நிர்வாகி குறித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. தடையற்றதும், தன்னிறைவானதும், கிளை பரப்பும் ஆற்றல் மிக்கதுமான மேற்படி செல்லை அனைத்துப் பிரிவுகளும் முன்மாதிரியாகக் கொள்ளுமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்பட்டது. ஸ்டோர் கிளார்க் பதவி ஒழிந்தது. ரெக்கார்டு கிளார்க் வாசலில் வணக்கம் சொல்ல மாற்றப்பட்டார்.

முதலில் தபால் பிரிவு, மூன்றாவது கையெழுத்தைக் கேட்காமலே பிரிந்தது. அவசரத்தில் நகலெடுத்த பதிவேட்டில் ‘கடமைகள்’ என்ற பக்கம் விட்டுப்போயிற்று. என்ன வேலை என்று தெரியாத புதுப் பிரிவு, தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தது. அதுவும் பிரிந்தது. மாதம் முடிவதற்குள் எக்ஸ்ரே அறையில் ஒரு கிளை, சமையலறையில் ஒரு கிளை. வார்டுக்குப் போன தண்ணீர்க் குழாயை வெட்டித் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

பிறகு அடுத்த கிளைக்கு இடமாகப் பெண்கள் வார்டைக் கேட்டு டாக்டரிடம் ஃபைல் வந்தது. இருபது கட்டில் உள்ள வார்டு. நோயாளிகள் விஷயம் என்பதால், ஒழிக்க மறந்துபோன மூன்றாவது கையெழுத்து மட்டும் பாக்கி. ஹெட் நர்ஸ் ஓடி வந்தாள்.

“நீங்க போட்டுட்டா என் இருபது பேரும் வராந்தாவுலதான் படுக்கணும் டாக்டர்.”

“போடமாட்டேன். போம்மா.”

மூன்று தடவை ஃபைல் வந்தது. மூன்று தடவையும் ‘நில்’ என்று எழுதி அனுப்பினார். கட்டில்கள் அசையவில்லை.

நான்காவது தடவை நிர்வாகியே ஃபைலோடு வந்தார். மிரட்டவில்லை. இவ்வளவு திறமையாக நிறுத்துகிறவர் வெறும் டாக்டராக இருப்பது அநியாயம் என்று வருத்தப்பட்டார். தலைமைக் கட்டுப்பாட்டு இயக்குநர் என்று ஒரு பதவி. தனி அறை, சுழல் நாற்காலி, இரண்டு உதவியாளர்கள். இனி எந்தப் பிரிவு பிரிந்தாலும் அவரைக் கேட்டுத்தான்.

டாக்டர் யோசித்தார். இந்தப் பதவி இருந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம்.

“ரூம் எங்க?”

“பெண்கள் வார்டுதான் சார். நல்ல காத்தோட்டம்.”

நாற்காலியைக் கூடவே உருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். டாக்டர் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். ஃபைலில் கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் வராந்தாவில் இருபது பேரைத் தாண்டித் தாண்டி ஹெட் நர்ஸ் வந்து சேர்ந்தாள். இதை யாரிடம் புகார் செய்வது என்று கேட்டாள்.

“என் பிரிவுலதான்” என்றார் இயக்குநர், தலை நிமிராமல். “இப்ப அது ரெண்டா பிரியுது. எந்தப் பாதின்னு முடிவானதும் வாம்மா.”