ரிவர்ஸ் அண்ணனும் தேர் திரும்பும் முனையும்

அல்சூரில் எங்கள் ஆபீஸுக்கு எதிரே இருந்த சர்க்கிளில், ரிவர்ஸ் அண்ணன் கை காட்டினால் யானைகூடப் பின்பக்கமாகவே நடந்து வந்து ஒழுங்காக நிற்கும்.

பார்க்கிங் பார்ப்பதுதான் அவர் வேலை. அசல் பெயர் யாருக்கும் தெரியாது. "வா சார், வா வா, லெஃப்ட்ல ஒடி... போதும்" என்பார். அவர் 'போதும்' சொன்ன இடத்தில் நிறுத்தினால், காருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தோசை நுழையும், ஊத்தப்பம் நுழையாது.

அவர் வயிற்றில் அடிக்கிற மாதிரி ஒரு செய்தி வந்தது. சர்க்கிளுக்குள் இனி கார் கிடையாதாம். கல் தளம், மரம், பெஞ்சு, நடக்கிறவர்களுக்கு மட்டும். கருத்துக் கேட்க மாநகராட்சி என்ஜினியர் வரைபடத்தோடு வந்த அன்று, அண்ணன் சண்டை போடுவார் என்று வேடிக்கை பார்க்கக் கூடினோம். அவரோ வரைபடத்தை மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"கார் வேணாம்னா சரி சார், நல்லதுதான், புகை தாங்கல. ஆனா இந்த முனையில கல்தூண் நட்டா நம்ம கோயில் தேர் எப்படித் திரும்பும்?"

"அதெல்லாம் திரும்பும்" என்றார் என்ஜினியர்.

"ஸ்வல்ப... கொஞ்சம் இருங்க சார்" என்று எங்களில் நாலு பேரைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லித் தேர்ச் சக்கரங்களாக நிறுத்தினார். எங்கள் மேனேஜர் முன்சக்கரம், நான் பின்சக்கரம். தூண் வரவேண்டிய இடத்தில் ஒரு தண்ணீர் கேன்.

"மேனேஜர் சார், சட்டுனு ஒடிக்காதீங்க. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது, சக்கரத்துக்கு அடியில கட்டை போட்டுப் போட்டுத்தான் திருப்பணும்."

மேனேஜர் அடுத்தவர் சொல்கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்படியும் கேன் என் காலில் பட்டு உருண்டது. என்ஜினியர் பேனாவை எடுத்துத் தூண்களைத் தள்ளிப் போட்டார்.

தேருக்காக வாதாடியவர் தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. சர்க்கிளுக்குள் கார் வருவது நின்றுபோன அன்று விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"இனிமே எங்கண்ணா போவீங்க?"

"தேர் திரும்புறதப் பாத்துட்டுப் போறேன் சார்."

தேர் வந்தது. முனையில் வடம் பிடித்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கட்டை போடுகிறவர்கள் கழுத்தைத் திருப்பி அவரைத் தேடினார்கள். அண்ணன் விசிலை வெளியே எடுத்தார்.

"வரட்டும், வரட்டும்... லெஃப்ட்ல ஒரு கட்டை... போதும்."

தூணுக்கும் தேருக்கும் நடுவே ஒரு தோசை. அதற்கப்புறம் அவரை அனுப்ப யாருக்கு மனசு வரும்? சர்க்கிளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு அவரையே வைத்துக்கொண்டார்கள். இப்போது தள்ளுவண்டி, குழந்தை வண்டி எல்லாம் அவர் விசிலுக்குத்தான் கட்டுப்படுகின்றன.

நானும் காரை விற்றுவிட்டேன். மெட்ரோவில் இறங்கி வெறுங்காலோடு... மன்னிக்கவும், செருப்புக் காலோடுதான் நடந்து வருகிறேன். தூரத்தில் பார்த்ததுமே கையைத் தூக்கிவிடுவார்: "வா சார், வா வா, லெஃப்ட்ல ஒடி..."

அவர் 'போதும்' என்று சொல்கிறவரை நான் நிற்பதில்லை.