முதுகு பாய்க்குப் பிடிபடாத முதுகு

அம்பத்தூரில் தொடங்கிப் பூந்தமல்லி வரைக்கும் உள்ள மொத்த ஜனங்களையும் பின்பக்கமாக மட்டுமே தெரிந்துவைத்திருக்கும் ஒரே மனிதர் முதுகு பாய்தான். நேரெதிரே போய் நின்று வணக்கம் சொன்னால், வீட்டு வரி கேட்க வந்தவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார். சலித்துப்போய்த் திரும்பி நடந்தால் போதும். "அடடே, மிக்ஸியா! சொல்லக்கூடாதா நைனா?" என்று பின்னாலிருந்து பாசம் பொங்கும்.

மிக்ஸி என்றால் நான். பட்டாபிராமில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் செய்கிறவன். பாய்க்கு கரையான்சாவடி மெயின் ரோட்டில் இலவம்பஞ்சு மெத்தைக் கடை. அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் எதிர்த்த டீக்கடைக்காரரே கொஞ்சம் யோசிப்பார். 'முதுகு பாய்' என்றால் ரோட்டில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து வழிகாட்டும்.

எனக்கும் அவருக்கும் எப்படி ஒட்டியது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் என் பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு பயம் என்பது தொழில் மாதிரி. ரிப்பேர் வேலை பகுதி நேரம்தான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியதற்குக் காரணமே, பத்தாவது பரீட்சையை நினைத்து ஏழாவதிலிருந்தே எனக்குக் காய்ச்சல் வந்துகொண்டிருந்ததுதான். சென்ட்ரலிலிருந்து என் மனைவி கலா வருகிற ரயில் கொஞ்சம் தாமதமானால், நான் பிளாட்பாரத்தில் நின்று அழுவதற்குத் தோதான தூணாகப் பார்த்து வைத்துவிடுவேன். இப்படியே பயந்து பயந்து ஒரு நாள் கழுத்து திரும்பாமல் நின்றுவிட்டது. புது மெத்தை வாங்கினால் சரியாகும் என்று யாரோ சொன்னார்கள். போனேன்.

"மெத்த வேணும் பாய். கழுத்து வலி."

"திரும்பு."

"இன்னாது?"

"திரும்பி நில்லு நைனா. மெத்தைல மூஞ்சியா படுக்கப் போவுது?"

திரும்பினேன். வந்த வழியே ஓடிவிடலாமா என்று நினைத்தபோது தீர்ப்பு வந்தது.

"உனக்கு மெத்த தர முடியாது."

"ஏன் பாய்?"

"தோள் ரெண்டும் காதாண்ட ஏறிக் குந்திகினு கீது. இன்னா, ரகசியம் சொல்லுதா? நீ பஞ்சுல படுத்தாலும் ஆணில மாட்ன சட்டையாட்டம் தொங்கிகினுதான் தூங்குவ. ஞாயித்துக்கெழம காலீல ஆவடி ரோட்டு சூளையாண்ட வா. வில்லு புடி. எல்லாம் எறங்கும்."

வந்த வாடிக்கையாளருக்கு மெத்தையை மறுத்துவிட்டு வில்லைக் கொடுக்கிற வியாபாரி, எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

ஒரு காலத்தில் பாய் ஏதோ ஒரு வில்வித்தைப் பயிற்சி முகாமுக்கு, அம்பு குத்தி நிற்பதற்கான வைக்கோல் பலகைகளைத் தைத்துக் கொடுக்கப் போயிருக்கிறார். அங்கே எய்கிறவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துப் பித்து பிடித்துவிட்டது. தானும் கற்றுக்கொண்டார். ஆனால் நின்ற இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒருவர் எய்தால் அம்பு எங்கே போனது என்று பார்க்கமாட்டார். எய்தவரின் முதுகையே பார்த்துக்கொண்டு, "போச்சு, எடது பக்கம்," என்பார். போய்ப் பார்த்தால் இடது பக்கம்தான் குத்தியிருக்கும்.

ஆவடி ரோட்டை ஒட்டி மூடிக்கிடக்கிற ஒரு செங்கல் சூளைதான் எங்கள் மைதானம். அம்பு தப்பினாலும் வாங்கிக்கொள்ளப் பின்னால் பெரிய மண்மேடு இருந்தது. நான் போன முதல் நாள் அந்த மண்மேட்டைச் சுற்றிப் பார்த்து, அந்தப் பக்கம் யாரும் குடியிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் வில்லைத் தொட்டேன். தொட்டு, பலமாக இழுத்தேன். கை நடுங்கியது. கை நடுங்கியதைப் பார்த்து முழங்கால் நடுங்கியது. விட மனம் வரவில்லை. விட்டால் அம்பு மண்மேட்டைத் தாண்டி, ஆவடியைத் தாண்டி, ஓடுகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் கலாவின் டிபன் பாக்ஸில் குத்தினால்?

பக்கத்தில் நின்றிருந்த செல்விக்குப் பொறுக்கவில்லை. செல்வி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருப்பவர். "எண்ணே, நீங்க விடுறதுக்குள்ள எனக்கு பென்சன் வந்துரும் போலயே!" என்றார்.

பாய் சிரிக்கவில்லை. என் வலது முழங்கையைப் பின்னாலிருந்து இரண்டு விரலால் பிடித்தார்.

"கையால இழுக்கற. கை பயப்படும் நைனா. அதுக்கு எதிர்ல கண்ணு கீது, எல்லாத்தையும் பாக்குது. முதுகால இழு. முதுகுக்கு ஒண்ணும் தெரியாது, அதனால பயமும் கெடையாது."

"முதுகால எப்டி பாய் இழுக்கறது? முதுகுல வெரலா கீது?"

"ஊட்ல சட்டை மாட்ற கொக்கி கீதா? கொக்கியா தாங்குது? செவுருதான தாங்குது. கையி வெறும் கொக்கி. நாண்ல மாட்டிகினு சும்மா இருக்கணும். செவுரு பின்னால கீது."

பாயின் மொத்த வித்தையும் இதுதான். முதலில் தோளை இறக்க வேண்டும். பிறகு முழங்கையை நேராகப் பின்னால் இழுக்காமல், முதுகைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். அப்போது தோளுக்குப் பின்னால் உள்ள றெக்கை எலும்பு நடு முதுகை நோக்கி மெல்ல நகரும். அந்த எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவிலுள்ள சதை பாரத்தை வாங்கிக்கொள்ளும். சதை வாங்கிக்கொண்டால் கைக்கு வேலையில்லை, நடுக்கமும் இல்லை. கேட்க எளிதாக இருக்கும். என் முதுகுக்கு மட்டும் அது புரியவில்லை.

பாய் விடுவாரா? கடையிலிருந்து பஞ்சு கொண்டுவந்து, சட்டைக்குள் இரண்டு றெக்கை எலும்புக்கும் நடுவில் திணித்தார். இழுக்கும்போது முதுகு நெருங்கி அந்தப் பஞ்சைக் கவ்வ வேண்டும். கீழே விழுந்தால் தோல்வி. ஒரு ஞாயிறு அதை எடுக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். கலா காலரிலிருந்து ஒரு கொத்துப் பஞ்சை உருவி, "இன்னாயா, றெக்க மொளைக்குதா? பறந்து பூடப்போற," என்றாள்.

வீட்டுப்பாடமும் உண்டு. பழைய சைக்கிள் டியூபை வில் மாதிரிப் பிடித்து, கண்ணை மூடி, முதுகால் இழுத்து நிறுத்த வேண்டும். என் கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துச் செய்தேன். அந்த நேரம் பார்த்து, ரிப்பேருக்குக் கொடுத்த கிரைண்டரைத் திரும்ப வாங்க வந்த ஒரு அம்மா, கண் மூடி, மார்பை விரித்து, டியூபோடு அசையாமல் நின்ற என்னைப் பார்த்துவிட்டு, கிரைண்டரை மறந்து நேராக எங்கள் வீட்டுக்குப் போய், "உங்க ஊட்டுக்காரருக்கு ஏதோ காத்து கருப்பு அண்டிச்சு போலம்மா, வேப்பில அடிங்க," என்று சொல்லியிருக்கிறார்.

பாய் தன் கொள்கையைச் சூளையோடு நிறுத்திக்கொள்கிறவரும் அல்ல. பூந்தமல்லியில் அவர் உறவுக்காரர் வீட்டு நிக்காஹ்வுக்கு என்னையும் அழைத்துப்போனார். மாப்பிள்ளை விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். பாய் வழக்கம்போல் பின்பக்கமாகப் போய், அவன் இரண்டு தோளையும் பிடித்து அமுக்கி, "எறக்கு மாப்ள, எறக்கு! நிக்காஹ்தான பண்றாங்க, தூக்குலயா போட்றாங்க?" என்றார். சபை முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு எடுத்த போட்டோக்களில் அந்த மாப்பிள்ளை மாதிரி நிம்மதியான மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை.

இப்படி மாதங்கள் போன பிறகு, ஒரு ஞாயிறு அது நடந்தது. இழுத்தேன். தோள் இறங்கியே இருந்தது. முழங்கை பின்னால் சுற்றிப்போக, முதுகில் ஏதோ ஒரு கதவு மெதுவாகச் சாத்திக்கொள்வது போல இருந்தது. கை காலியானது. விடலாமா, வேண்டாமா என்று நான் பயப்பட ஆரம்பிப்பதற்குள் அம்பு போய்விட்டது. கை தானாகக் காதைத் தாண்டிப் பின்னால் வந்து நின்றது.

"பாய், நான் உடல. அதுவா பூட்ச்சு!"

"அதான் நைனா! அதான்!" என்று குதித்தவர், உடனே என் வலது முதுகில் விரலை வைத்துக் கிணற்றில் விழுந்த சொம்பைத் தேடுவது போலத் தேடினார். "வழி தெரிஞ்சு போச்சு. சதைதான் இன்னும் வரல. எலும்பாவே கீற. வரும்."

அதன் பிறகு வாராவாரம் விரலை வைத்துத் தேடுவார். உதட்டைப் பிதுக்குவார். அப்புறம் பஞ்சு வியாபாரத்தில் ஏதோ அவசரம் என்று ஊர் ஊராகப் போய்விட்டார். கொஞ்ச நாள் சூளைக்கு வரவில்லை. நாங்கள் பாட்டுக்கு எய்துகொண்டிருந்தோம்.

அப்போதுதான் ஒரு சனிக்கிழமை. கலா என் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்துக்கொண்டே வந்த கை ஓரிடத்தில் நின்றது.

"யோவ், இன்னா இது?"

"எது?"

"வலது பக்கம். கெட்டியா, உருண்டையா கீது. எடது பக்கம் இல்ல."

தலையில் வைத்த எண்ணெய் கண்ணில் இறங்குவதற்குள் என் மரணம் முடிந்துவிட்டது. எந்தப் போட்டோவுக்கு மாலை போடுவது, ஸ்குரூ டிரைவர் செட் யாருக்கு என்பது வரை யோசித்துவிட்டேன். இத்தனை வருஷமாக எதற்கெல்லாமோ வீணாக பயந்துகொண்டிருந்தேன். நிஜமானது ஓசையில்லாமல் முதுகுப் பக்கமாக வந்திருக்கிறது. கலா மாமூலாகத் திட்டுகிறவள், அன்று திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"டாக்டர் இருக்கட்டும். மொதல்ல உங்க பாயாண்ட காட்டு. இந்த ஊர்ல முதுகு தெரிஞ்ச ஆளு அவருதான," என்றாள்.

ஓடினேன். பாய் ஊரிலிருந்து வந்திருந்தார். பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றேன். விரலை வைத்தார். வைத்த விரலை எடுத்தார். மறுபடி வைத்தார். என்னைப் போட்டுத் திட்டுவார், கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன். கடை ஷட்டரை இழுக்கும் சத்தம்தான் கேட்டது.

"சட்டையப் போடு. வா."

"எங்க பாய்?"

"டாக்டராண்ட. ஒண்ணும் இருக்காது. வா."

'ஒன்றும் இருக்காது' என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று பயந்தவனுக்குத் தெரியாதா?

ஸ்கேன் எடுத்துவிட்டுப் பூந்தமல்லியில் ஒரு டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் வரிசையாக எத்தனையோ முதுகுகள். பாய் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். எனக்கு இளநீர் வாங்கி வந்தார். மறந்துபோய் அவரே குடித்தார். அவர் தோள் இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டிருந்தன. கடைசியில், ஊரிலேயே பெரிய பயந்தாங்கொள்ளியான நான்தான் அவர் கையைப் பிடித்து, "ஒண்ணும் இருக்காது பாய்," என்று சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். என் முதுகை அமுக்கிப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார், பின்னால் கொண்டுபோகச் சொன்னார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"மிக்ஸி ரிப்பேருங்க."

"மிக்ஸிக்கு இப்படி வராதே. வலது கையால மட்டும் எதையாவது பாரமா இழுக்கறீங்களா?"

"வில்லுங்க," என்றேன்.

"அதானே பார்த்தேன். இது கட்டி இல்லைங்க, சதை. வலது பக்கம் மட்டும் நல்லா வளர்ந்திருக்கு. கொஞ்சம் இறுகிப் போயிருக்கு, அவ்வளவுதான். ஒத்தடம் குடுங்க. இடது பக்கத்துக்கும் கொஞ்சம் வேலை குடுங்க, பாவம்."

எனக்கு உடம்பிலிருந்த காற்றெல்லாம் ஒரே மூச்சில் வெளியே போனது. சிரித்தேனா, அழுதேனா தெரியாது. பாய் மட்டும் நம்பவில்லை.

"சதையா டாக்டரம்மா?"

"சதைதாங்க."

"நல்லா பாத்தீங்களா? றெக்க எலும்புக்கும் நடு முதுகுக்கும் நடுவால?"

"அங்கேயேதான்."

பாய் என்னைப் பிடித்துத் திருப்பினார். சட்டையைத் தூக்கி, அதே இடத்தில் விரலை வைத்தார். இந்த முறை சொம்பு கிடைத்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு, வெளியே காத்திருந்த அத்தனை நோயாளிகளுக்கும் கேட்கும்படி, "வந்துடுச்சு! எங்க மிக்ஸிக்கு முதுகு வந்துடுச்சு!" என்று கத்தினார். ஒரு பாட்டியம்மா புரியாமலே கைதட்டினார். போனில் விஷயத்தைக் கேட்ட கலா, கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "சதைக்காடா சாமியெல்லாம் வேண்டிகினேன்?" என்று, அன்றைக்கு விட்ட திட்டையும் சேர்த்துத் திட்டி முடித்தாள். காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏன் பாய், ரோட்ல போறவன் முதுக சட்டைக்கு மேலயே பாத்து சதை இன்னா, கொழுப்பு இன்னான்னு சொல்றீங்க. இந்த சதையத்தான மாசக்கணக்குல தேடினீங்க? கைய வச்சும் தெரியலியா?"

பாய் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது ஆறி ரொம்ப நேரமாகிவிட்டது.

"நீ அழுதுகினு வந்தியா... கைய வச்சதும் கெட்டியா பட்டுச்சா... அவ்ளோதான் நைனா. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியல. சதையாவது, எலும்பாவது."

சொல்லிவிட்டு, டீ கிளாஸ் இல்லாத கையை என் தோள்மேல் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். ஆவடி பஸ் காலியாக வந்து நின்றது. ஏறினால் ஜன்னலோரம் கிடைத்திருக்கும். அந்தக் கையை எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை; பஸ் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.