நீட்டு ஓட்டைப் பிளேடும் நிறுத்தப்பட்ட கல்யாணமும்

என் கல்யாணத்தன்று காலையில், உயிரோடு இருந்த என் அப்பாவை ஒரு சவரப் பிளேடால் கொன்றேன். (பதற வேண்டாம். அதற்குப் பிறகும் அவர் வெகுகாலம் இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.)

ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பள்ளிக்கூட வாத்தியார். கிடைத்த காகிதத்தையெல்லாம் வாசிப்பவன் என்பதால், என்னை எந்த வியாபாரியாலும் ஏமாற்ற முடியாது என்று உறுதியாக நம்பினேன். ஒரு சம்பள நாளன்று ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தடிக்கு வந்து நின்றது. இரண்டு பாக்கெட் பிளேடு வாங்கினால் சவரச் செட்டு இலவசமாம்! பளபளக்கும் செட்டைச் சும்மா கொடுத்துவிட்டு, மெல்லிய தகட்டுக்குக் காசு கேட்கிறானே, இந்தக் கம்பெனி உருப்படுமா என்று எனக்கு உண்மையாகவே பரிதாபம் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவே செட்டைக் கழற்றி ஆராய்ந்தேன். செட்டில் மூன்று முளைகள், பிளேடில் மூன்று துளைகள். பிளேடு என்னவோ சீக்கிரமே மழுங்கியது. விடுவேனா? கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் பிளேடை வைத்து விரலால் அழுத்தித் தேய்த்தால் மறுபடி கூர்மை வரும். இப்படி ஒரே பிளேடில் ஒரு மாதத்தை ஓட்டினேன். கம்பெனியைத் தோற்கடித்துவிட்ட கர்வம் என் முகத்தில் வெட்டுக்காயங்களாக விளங்கியது.

இந்தக் கர்வத்தில்தான் சுப்பையாவிடம் வாயைக் கொடுத்தேன். எங்கள் தோட்டத்தில் முடி வெட்டுபவர் அவர். மாப்பிள்ளைச் சவரம் அவருடைய உரிமை. அதற்கு வேட்டியும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுப்பது வழக்கம். கினிகத்தேனை ஊர்ப் புஷ்பத்தோடு எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவரிடம் சொன்னேன்:

“வேட்டிய வாங்கிக்குங்க சுப்பையா. சவரம் மட்டும் நானே செஞ்சுக்குறேன்.”

“வேலையில்லாம கூலியா? வருஷத்துக்கு ரெண்டு கல்யாணம் கட்டுங்க மாஸ்டர்.”

கல்யாணம் நெருங்கியபோது பிளேடு தீர்ந்துபோனது. ஹட்டன் டவுனுக்குப் போனேன். கடைக்காரர் என் செட்டைப் பார்த்த பார்வையில் ஓர் அனுதாபம் இருந்தது.

“இந்த மாடல் நின்னு போச்சு சேர். இப்ப எல்லாம் நீட்டு ஓட்டைதான்.”

“அப்ப என் செட்டுக்கு?”

“புதுச் செட்டு எடுங்க. பிளேடு ஒரு பாக்கெட் சும்மா.”

முன்பு பிளேடுக்குச் செட்டு இலவசம், இப்போது செட்டுக்குப் பிளேடு இலவசம்! புதுப் பிளேடைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நடுவில் நீளமாக, ஒல்லியாக ஒரே ஓட்டை. வெட்டுகிற விளிம்பில் ஒரு மாற்றமும் இல்லை. தாடியும் அதே தாடி. பிறகு ஓட்டையை மட்டும் எதற்காக மாற்றினான்? பஸ்ஸில் திரும்பும்போது மண்டையில் உறைத்தது. நான் தம்ளரில் தேய்த்துப் பிளேடின் ஆயுளைக் கூட்டினால், அவன் செட்டின் ஆயுளை முடித்துவிடுகிறான். கோபத்தைவிட எனக்கு வியப்புதான் அதிகம். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. கடையில் பிளேடை மட்டும்தான் வாங்கியிருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் ஓர் அரம் இரவல் வாங்கி, அந்த ஓட்டைக்குள் நுழையும்வரை முளைகளை ராவித் தள்ளினேன்.

கல்யாணக் காலை. வலது கன்னம் வழுவழுவென்று வந்தது. “பார்த்தாயா!” என்று கண்ணாடியிடம் சொன்ன அதே நொடியில், பிடிமானம் இல்லாத பிளேடு மேல்நோக்கி நழுவியது. என் வலது மீசை சோப்பு நுரையோடு மோவாய்க்கு இறங்கி வந்தது.

வேறு வழியின்றிச் சுப்பையாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தவர் சிரிக்கவில்லை; அது இன்னும் வலித்தது.

“ஒத்தை மீசையோட மணவறையில உக்கார முடியாதுங்க. மத்ததையும் எடுத்துருவோம்.”

பெட்டியைத் திறந்து அவர் எடுத்தது கத்தி அல்ல. பளபளக்கும் புதுச் செட்டு.

“போன சம்பளத்துக்கு வேன்காரன் வந்தான் மாஸ்டர். நீங்க அன்னைக்குப் பொண்ணு பார்க்கப் போயிட்டீங்க.”

இரண்டு மீசையும் போன முகத்தோடு பெண் வீட்டாரை வரவேற்க வாசலில் நின்றேன். எங்கள் சனத்தில், மீசை வைத்திருந்தவன் திடீரென்று மழித்துக்கொண்டு வந்தால் ஒரே அர்த்தம்தான்: தாயோ தகப்பனோ போய்விட்டார். பஸ்ஸை விட்டு இறங்கிய புஷ்பத்தின் தாய்மாமன் என் முகத்தைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

“எப்ப மாப்பிள்ளை?”

“எதுங்க?”

“மறைக்காதீங்க. அப்பா எங்க?”

“மாலை எடுக்க அக்கரப்பத்தனைக்குப் போயிருக்காருங்க.”

“மகன் கல்யாணத்தன்னைக்கு அப்பனா மாலை எடுக்கப் போவான்?”

அந்த நேரம் பார்த்து, அடுப்புப் புகையில் சிவந்த கண்ணை முந்தானையால் துடைத்தபடி அம்மா வெளியே வந்தார். மாமாவுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்துவிட்டது.

“சாவை மறைச்சு, தீட்டோட தாலி கட்டப் பாக்குறீங்களா? புள்ளைய பஸ்ஸுல ஏத்துங்கடா!”

“இல்லீங்க மாமா, முதல்ல மூணு ஓட்டை இருந்துச்சு. கம்பெனிக்காரன் அதை நீட்டு ஓட்டையா மாத்திட்டான். நான் முளைய ராவினேன்...” என்று விளக்கத் தொடங்கினேன். துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கூட்டம் முடிவு கட்டியது. பெண் வீட்டு அம்மாள் ஒருத்தி ஒப்பாரியைத் தொடங்கியேவிட்டாள். புஷ்பத்தின் ஒரு கால் பஸ் படியில் இருந்தது.

அப்போதுதான் அப்பா மாலைக் கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க மேட்டில் ஏறி வந்தார். அழுகைச் சத்தம் கேட்டுக் கூடையைக் கீழே வைத்தார்.

“ஐயையோ, யாரு செத்தது?”

சுப்பையாதான் பணிவாகச் சொன்னார்: “நீங்கதாங்க.”

மாமா அப்பாவின் கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். சூடாகத்தான் இருந்தது. புஷ்பம் படியிலிருந்து இறக்கப்பட்டாள். முகூர்த்தம் முடியப் போகிற தறுவாயில் தாலி கட்டினேன்.

இன்றுவரை நான் புதிதாக எந்தப் பொருளோடு வீட்டுக்குள் நுழைந்தாலும், “யாரு செத்தது?” என்று பிள்ளைகள் ஒரே குரலில் கேட்பார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கல்யாணமாகிச் சில மாதங்கள் கழித்து ஒருநாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த புஷ்பத்திடம் ஆசையாகக் கேட்டேன்:

“அன்னைக்குக் கல்யாணம் நின்னுடுமோன்னு ரொம்பப் பயந்துட்டியா?”

அவள் சுளகிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“நிக்கணும்னுதாங்க வேண்டிக்கிட்டேன். மீசையில்லாம உங்க மூஞ்சியப் பார்த்துட்டேன்ல.”